ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில்

ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் (செப்டம்பர் 26, 1886 – ஜூன் 3, 1977) இங்கிலாந்தைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். தசைகள் சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்தைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1922 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ மேயர்ஹோஃபுடன் பகிர்ந்துகொண்டார். நெடுந்தொலைவு ஓட்ட வீரர்களின் தகுதியை அளக்கப் பயன்படும் உச்ச ஆக்சிசன் ஏற்பு, கடும் உழைப்பின்போது உடல் வாங்கும் ஆக்சிசன் கடன், எடைப் பயிற்சியின் அடிப்படையாக விளங்கும் விசை-வேகத் தொடர்பு ஆகிய மூன்றும் இவருடைய ஆய்வுகளோடு பிணைந்தவை. இவற்றுள் ஒன்று அப்படியே நிலைத்தது. ஒன்று விவாதத்துக்கு உள்ளாகித் திருத்தங்களோடு நிற்கிறது. மற்றொன்றின் விளக்கம் இவர் வாழ்நாளிலேயே வீழ்ந்தது. உயிரியற்பியல் துறையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும், நாட்சி ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட அறிஞர்களுக்குப் புகலிடம் தேடித் தந்தவர்களுள் ஒருவராகவும் இவர் அறியப்படுகிறார்.

இவருக்கு இடப்பட்ட இரண்டு பெயர்களும் இவருக்குப் பிடிக்கவில்லை. எனவே நண்பர்களும் மாணவர்களும் இவரை ஏ.வி. என்றே அழைத்தனர்.

இளமையும் கல்வியும்

ஹில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை ஜோனதன் ஹில் மரவணிகர். ஹில்லுக்கு மூன்று வயதானபோது அவர் குடும்பத்தை விட்டு நீங்கினார். தாய் ஏடா பிரிசில்லாவே இவரையும் இவருடைய தங்கை மியூரியலையும் வளர்த்தார். டிவர்ட்டன் ஊரிலுள்ள பிளண்டெல்ஸ் பள்ளியில் பயின்ற பின், உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்தார். 1907 இல் நடந்த கணிதச் சிறப்புத் தேர்வில் மூன்றாம் இடத்தைப் பெற்றார்.

இத்தகைய தேர்ச்சி பெற்றவர்கள் வழக்கமாகக் கணிதத்திலேயே தொடர்வர். ஹில் அவ்வாறு செய்யவில்லை. கணிதம் மட்டும் இவருக்கு நிறைவு தரவில்லை. கல்லூரியில் இவருக்கு வழிகாட்டியாக இருந்த வால்டர் மோர்லி ஃபிளெச்சர் ஓர் உடலியங்கியலாளர். அவருடைய தூண்டுதலால் இவர் உடலியங்கியலுக்கு மாறி, 1909 இல் அத்துறையில் தேர்வு பெற்றார்.

ஃபிளெச்சரைப் பற்றி ஒரு செய்தியை இங்கே கூறவேண்டும். அவரும் ஃபிரெடெரிக் கவுலண்ட் ஹாப்கின்சும் சேர்ந்து 1907 இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டிருந்தனர். தவளையின் தசை களைப்படையும்போது அதில் லாக்டிக் அமிலம் சேர்கிறது என்பதும், ஆக்சிசன் கிடைத்தால் அவ்வமிலம் மறைகிறது என்பதும் அதன் சாரம். ஹில்லின் அடுத்த இருபது ஆண்டுக்கால ஆய்வுகள் இந்தக் கண்டுபிடிப்பின் நிழலிலேயே நடந்தன. அதன் பயனையும் பிழையையும் இவர் ஒருங்கே ஏற்க நேர்ந்தது.

தொடக்க ஆய்வுகள்

கேம்பிரிட்ஜ் உடலியங்கியல் துறையின் தலைவரான ஜான் நியூபோர்ட் லாங்லி, தசையின் வினைத்திறனை ஆராயுமாறு ஹில்லைப் பணித்தார். நீராவிப் பொறி ஒன்று எரிபொருளின் ஆற்றலில் எவ்வளவு பங்கை வேலையாகவும் எவ்வளவு பங்கை வெப்பமாகவும் மாற்றுகிறது என்று பொறியாளர் கேட்பர். லாங்லி அதே கேள்வியைத் தசையிடம் கேட்கச் சொன்னார் எனலாம். கணிதம் படித்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி அமைந்திருக்க முடியாது.

அக்காலத்திலேயே ஹில் வேறு இரு சிறு ஆய்வுகளையும் செய்தார். நிக்கோட்டின், குராரே ஆகிய பொருட்கள் தசையில் வினைபுரியும் அளவுக்கும் அவற்றின் செறிவுக்கும் உள்ள தொடர்பை 1909 இல் சமன்பாடாக எழுதினார். அடுத்த ஆண்டு, ஹீமோகுளோபின் ஆக்சிசனைப் பற்றிக்கொள்ளும் விதத்தை விளக்க மற்றொரு சமன்பாட்டை வெளியிட்டார். ஹில் சமன்பாடு எனப்படும் இது மருந்தியல் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. இவற்றை எழுதியபோது இவருக்கு வயது இருபத்து நான்குக்குள்தான்.

1910 இல் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மனிக்குச் சென்று, மிக நுண்ணிய வெப்ப வேறுபாடுகளை அளக்கும் கருவிகளைச் செய்யவும் கையாளவும் கற்றுக்கொண்டு திரும்பினார்.

1913 இல் மார்கரெட் நெவில் கெயின்சை மணந்தார். இவர் பொருளியலாளர் ஜான் மேனார்டு கெயின்சின் தங்கை. பின்னாளில் வடக்கு இலண்டனில் ஏழை முதியோருக்கான வீட்டுவசதிப் பணிகளில் முன்னின்றவர். இவர்களுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தனர். மூத்த மகள் பாலி ஹில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஊர்ப்புறப் பொருளாதாரத்தை ஆராய்ந்து பெயர்பெற்றவர். கர்நாடகத்தின் மானாவாரிக் குடும்பங்களையும் ஆப்பிரிக்காவின் ஹௌசாப் பகுதிக் குடும்பங்களையும் ஒப்பிட்டு 1982 இல் நூல் எழுதினார். மகன்களுள் டேவிட் தந்தையைப் போலவே உடலியங்கியலாளர் ஆனார். மோரிஸ் புவியியற்பியலாளர் ஆனார். இளைய மகள் ஜேனட் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர்.

முதல் உலகப்போர்க் காலத்தில் ஹில் படைத்தலைவராகப் பணியாற்றினார். பறக்கும் வானூர்தியைப் பீரங்கியால் சுடுவது எவ்வாறு என்பதை ஆராயும் குழு ஒன்று இவர் தலைமையில் அமைந்தது. ரால்ஃப் ஃபௌலர், எட்வர்ட் ஆர்தர் மில்ன், வில்லியம் ஹார்ட்ரீ, அவருடைய மகன் டக்ளஸ் ஹார்ட்ரீ ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். போர் முடிந்தபின் வில்லியம் ஹார்ட்ரீ பீரங்கியை விட்டுத் தவளைத் தசைக்கு வந்து, பல ஆண்டுகள் ஹில்லுடன் ஆய்வு செய்தார். 1918 இல் ஹில் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

வெப்பத்தை அளத்தல்

ஹில் தேர்ந்துகொண்ட ஆய்வுப்பொருள் தவளையின் தொடையிலுள்ள மெல்லிய தசை. அதை உடலிலிருந்து பிரித்தெடுத்து, தெர்மோபைல் எனப்படும் வெப்பமின் அடுக்கின்மேல் கிடத்தி, மின்துடிப்பால் சுருங்கச் செய்வார். தசையில் தோன்றும் வெப்பம் மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கும். அம்மின்னோட்டம் கால்வனோமீட்டரில் உள்ள சிறு கண்ணாடியைத் திருப்பும். கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி நகரும். ஒருமுறை சுருங்கும்போது தசையின் வெப்பநிலை ஒரு செல்சியசு பாகையின் ஆயிரத்தில் சில பங்கே உயர்கிறது. அதை அளப்பதோடு, நொடியின் எந்தப் பகுதியில் எவ்வளவு வெப்பம் வந்தது என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். கருவியின் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறையை ஹில்லும் வில்லியம் ஹார்ட்ரீயும் உருவாக்கினர்.

இந்த அளவீடுகளிலிருந்து ஒரு முக்கிய உண்மை வெளிப்பட்டது. தசை இரண்டு கட்டங்களில் வெப்பத்தை வெளியிடுகிறது. முதல் கட்ட வெப்பம் சுருக்கத்தின்போதே தோன்றுகிறது. இதற்கு ஆக்சிசன் தேவையில்லை. தசையைத் தூய நைட்ரசனில் வைத்தாலும் இவ்வெப்பம் மாறுவதில்லை. இரண்டாம் கட்ட வெப்பம் சுருக்கம் முடிந்த பிறகு பல நிமிடங்களுக்கு மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. இதற்கு ஆக்சிசன் தேவை. அதாவது, தசை முதலில் வேலையைச் செய்துவிடுகிறது; ஆக்சிசனைக் கொண்டு பின்னரே தன்னைச் சீர்செய்துகொள்கிறது. ஓடி முடித்த மனிதர் ஏன் நின்ற பிறகும் மூச்சு வாங்குகிறார் என்ற கேள்விக்கான விடை இந்தத் தவளைத் தசையில் இருந்தது.

இதே காலத்தில் மேயர்ஹோஃப், தசை உட்கொள்ளும் ஆக்சிசனுக்கும் அதில் மறையும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள அளவுத் தொடர்பை வேதியியல் வழியில் நிறுவினார். ஒருவர் வெப்பத்தையும் மற்றவர் வேதிப்பொருளையும் அளந்தனர், இரண்டும் பொருந்தின. 1922 ஆம் ஆண்டுக்கான பரிசு அவ்வாண்டில் எவருக்கும் அறிவிக்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டு, 1923 இல் இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. போருக்குப் பின் ஜெர்மானிய அறிஞர்களைப் பிரித்தானியர் பலர் ஒதுக்கிவைத்திருந்த நேரத்தில் இருவரும் நண்பர்களாக இருந்தனர்.

மான்செஸ்டர் ஓட்டங்கள்

1920 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார். தவளையில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்று அறிய விரும்பினார். மனிதரின் தசையை வெளியே எடுத்து அளக்க இயலாது. ஆனால் அவர் மூச்சில் உள்ள ஆக்சிசனை அளக்கலாம். இளமை முதலே ஓட்டத்தில் ஆர்வம் கொண்டிருந்த ஹில், ஆய்வுக்கு உட்படும் ஆளாகத் தம்மையே தேர்ந்துகொண்டார்.

டக்ளஸ் பை எனப்படும் பெரிய காற்றுப்பையை முதுகில் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு குழாயைப் பொருத்திக்கொண்டு, புல்தரையில் அமைந்த சிறு வட்டப்பாதையில் மாறாத வேகத்தில் ஓடுவார். குறித்த நேரத்தில் அடைப்பைத் திறந்து, வெளிவிடும் மூச்சைப் பையில் பிடிப்பார். பின்னர் அதன் கன அளவும் அதிலுள்ள ஆக்சிசன், கார்பன் டை ஆக்சைடு அளவுகளும் கண்டறியப்படும். ஹார்ட்லி லப்டன் இப்பணியில் இவருக்குத் துணையாக இருந்தார். சி. என். எச். லாங் என்பவரும் பின்னர் சேர்ந்துகொண்டார். 1923 இலும் 1924 இலும் வெளியான இவர்களுடைய கட்டுரைகளே உடற்பயிற்சி உடலியங்கியலின் அடித்தளம் என்று கூறுவது மிகையாகாது.

மெதுவாக ஓடும்போது ஆக்சிசன் நுகர்வு இரண்டு மூன்று நிமிடங்களில் உயர்ந்து ஒரு நிலையை அடைந்து, அதிலேயே நிற்கிறது. அப்போது வரவும் செலவும் சமம். இதை நிலைத்த நிலை என்றார். வேகம் கூடக்கூட ஆக்சிசன் நுகர்வும் கூடுகிறது. ஆனால் ஹில்லின் உடலில் அது நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டரை எட்டியதும், அதற்குமேல் வேகத்தைக் கூட்டினாலும் உயரவில்லை. இதயமும் நுரையீரலும் குருதியும் சேர்ந்து தரக்கூடிய எல்லை அது என்று ஹில் கருதினார். இதுவே பின்னாளில் உச்ச ஆக்சிசன் ஏற்பு என்று பெயர்பெற்றது. முப்பத்தாறு வயதுப் பேராசிரியருக்கு 4 லிட்டர் என்பது நல்ல அளவே.

ஆக்சிசன் கடன்

அந்த எல்லைக்கு மேற்பட்ட வேகத்தில் ஒருவர் ஓட முடிகிறது என்பது கண்கூடு. அப்படியானால் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? ஹில் இதற்குக் கடன் என்னும் உவமையைப் பயன்படுத்தினார். உடல் அந்நேரத்தில் ஆக்சிசனைச் செலுத்தாமலே ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது. ஓடி முடித்தபின் மூச்சு வாங்கி, அந்தக் கடனை அடைக்கிறது. கடனுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையை எட்டியவர் நின்றே ஆகவேண்டும்.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒருவருடைய ஆக்சிசன் வரவு நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றும், அவர் வாங்கக்கூடிய மொத்தக் கடன் 15 லிட்டர் என்றும் கொள்வோம். தொடக்கத்தில் வரவு உயர எடுத்துக்கொள்ளும் நேரத்தை எளிமைக்காக விட்டுவிடலாம். அவர் ஒரு நிமிடம் மட்டும் ஓடினால் 4 லிட்டர் வரவும் 15 லிட்டர் கடனுமாக 19 லிட்டருக்கு உரிய ஆற்றலைச் செலவிடலாம். ஐந்து நிமிடம் ஓடினால் மொத்தம் 35 லிட்டர். நிமிடத்துக்கு 7 லிட்டர். பத்து நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 5.5 லிட்டர். ஒரு மணி நேரம் என்றால் நிமிடத்துக்கு 4.25 லிட்டர் மட்டுமே. குறுகிய ஓட்டத்தில் கடனே பெரும்பங்கு. நீண்ட ஓட்டத்தில் கடன் ஒரு பொருட்டன்று, வரவே எல்லாம். 400 மீட்டர் வீரரும் மாரத்தான் வீரரும் ஏன் வெவ்வேறு விதமாகப் பயிற்சி பெறவேண்டும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

சாதனைகளின் வளைகோடு

1923 இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கைத் தொடர்ந்து இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். 1926 முதல் 1951 வரை அரச கழகத்தின் ஆய்வுப் பேராசிரியராக அங்கேயே பணியாற்றினார்.

1925 இல் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டம் சவுத்தாம்ப்டனில் நடந்தது. அதன் உடலியங்கியல் பிரிவுக்குத் தலைமையேற்ற ஹில், விளையாட்டுச் சாதனைகளின் உடலியங்கியல் அடிப்படை என்பதைத் தமது உரையின் பொருளாக எடுத்துக்கொண்டார். ஓட்டம், நீச்சல், மிதிவண்டி, பனிக்கட்டிச் சறுக்கு, படகு வலித்தல் ஆகியவற்றின் சாதனைகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் சராசரி வேகம் கால அளவோடு எவ்வாறு குறைகிறது என்று வரைபடம் ஆக்கினார். வளைகோடுகள் சீராக அமைந்தன. உலகின் தலைசிறந்த வீரர்கள் ஆண்டுக்கணக்கில் உயிரைக் கொடுத்து நிகழ்த்திய சாதனைகள் அனைத்தும் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்த துல்லியமான பரிசோதனைகள் என்று இவர் கண்டதே இந்த உரையின் சிறப்பு. எவரும் இத்தனை பேரைக் கூட்டிவந்து இவ்வளவு கடுமையாக ஓடச் செய்திருக்க முடியாது.

வேகம் கூடும்போது ஆற்றல் செலவு அதைவிட விரைவாகக் கூடுகிறது என்பதால், நீண்ட பந்தயத்தைச் சீரான வேகத்தில் ஓடுவதே சிக்கனமானது என்றும் ஹில் காட்டினார். அதே ஆண்டுகளில் பின்லாந்தின் பாவோ நூர்மி கையில் நிறுத்தற் கடிகாரத்தோடு சீரான வேகத்தில் ஓடி, 1924 பாரிசு ஒலிம்பிக்கில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றிருந்தார்.

1927 இல் ஹில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விரைவோட்ட வீரர்களை ஆராய்ந்தார். காந்தமூட்டிய எஃகுப் பட்டையை வீரர் உடலில் அணிந்து ஓடுவார். பாதையோரம் குறித்த இடைவெளிகளில் கம்பிச்சுருள்கள் வைக்கப்பட்டிருக்கும். வீரர் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது அதில் தோன்றும் மின்துடிப்பு ஒளிப்படத் தாளில் பதியும். கையால் அழுத்தும் கடிகாரம் மட்டுமே இருந்த காலத்தில் இது மிக நுட்பமான ஏற்பாடு. விரைவோட்ட வீரர் முதல் சில நொடிகளிலேயே உச்ச வேகத்தை அடைகிறார் என்பதும், அதன்பின் வேகம் சற்றே குறைகிறது என்பதும் இதனால் பதிவாயின. ஆனால், வேகத்துக்கு எல்லை வகுப்பது தசையின் பிசுபிசுப்பே என்று ஹில் அப்போது தந்த விளக்கம் நிலைக்கவில்லை.

இவ்வாய்வுகளால் என்ன பயன் என்று அமெரிக்கக் கூட்டமொன்றில் கேட்கப்பட்டபோது, பயன் கருதி அன்று, மகிழ்ச்சி தருவதாலேயே இதைச் செய்வதாக ஹில் விடை கூறியதாகத் தெரிகிறது. 1926 இல் இலண்டன் அரச நிறுவனத்தில் சிறுவர்களுக்காக இவர் ஆற்றிய கிறித்துமசுச் சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டில் நூலாக வெளிவந்தன.

லாக்டிக் அமிலக் கொள்கையின் வீழ்ச்சி

ஹில், மேயர்ஹோஃப் இருவரின் விளக்கத்திலும் லாக்டிக் அமிலமே மையம். அது தோன்றுவதால்தான் தசை சுருங்குகிறது என்று நம்பப்பட்டது. 1927 இல் இந்நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது. இலண்டனில், ஹில் இருந்த கல்லூரியிலேயே, பிலிப் எகிள்டன், கிரேஸ் எகிள்டன் இணையர் தசையில் இதுவரை அறியப்படாத பாசுபரசுச் சேர்மம் ஒன்றைக் கண்டனர். அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க், எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆகியோர் அதனைப் பாஸ்போகிரியேட்டின் என அடையாளம் கண்டனர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடும். 1929 இல் ஃபிஸ்கும் சுப்பாராவும் ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து பிரித்தனர்; மேயர்ஹோஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டார்.

இறுதி அடி 1930 இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஐனார் லுண்ட்ஸ்கார்ட், ஐயோடோ அசெட்டிக் அமிலம் ஏற்றப்பட்ட தசை லாக்டிக் அமிலத்தைச் சிறிதும் உண்டாக்காமலே பலமுறை சுருங்குவதைக் காட்டினார். லாக்டிக் அமிலம் சுருக்கத்தின் காரணம் அன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

நோபல் பரிசுக்குரிய விளக்கம் எட்டே ஆண்டுகளில் தகர்ந்தது. ஹில் மழுப்பவில்லை. 1932 இல் தசை உடலியங்கியலில் நிகழ்ந்த புரட்சி என்னும் பொருளில் தாமே ஒரு நீண்ட கட்டுரை எழுதி, பழைய கொள்கை எங்கே தவறியது என்பதை விளக்கினார். இவருடைய வெப்ப அளவீடுகள் பிழையாகவில்லை. அவற்றுக்குத் தரப்பட்ட வேதியியல் பொருள்தான் மாறியது. அளவீடு வேறு, விளக்கம் வேறு என்பதற்கு மாணவர்கள் இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கடன் என்னும் கருத்தும் பிரிக்கப்பட்டது. கடனில் ஒரு பகுதி லாக்டிக் அமிலத்தோடு தொடர்பற்றது, விரைவில் அடைவது என்று 1933 இல் மார்காரியா, எட்வர்ட்ஸ், டில் ஆகியோர் காட்டினர். ஓட்டத்துக்குப் பின் உட்கொள்ளும் கூடுதல் ஆக்சிசன் முழுவதும் கடனடைப்பு அன்று. உடல் வெப்பம், இதயத்துடிப்பு, இயக்குநீர்கள் முதலியவையும் அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆதலால் 1980களுக்குப் பின் ஆய்வாளர்கள் பயிற்சிக்குப் பிந்திய மிகை ஆக்சிசன் நுகர்வு என்னும் பெயரையே விரும்பினர். லாக்டேட் ஒரு கழிவு அன்று, தசைகளும் இதயமும் எரிக்கும் எரிபொருள் என்பதும் அக்காலத்தில் நிறுவப்பட்டது. பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் உடல்வலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படுவது தவறு. இத்தவறு ஹில்லின் காலத்துக் கொள்கையின் எச்சம் எனலாம்.

விசையும் வேகமும்

ஹில்லின் ஆய்வுகளில் மிகுதியாக நிலைத்தது 1938 இல் வெளியானது. கனமான பொருளை மெதுவாகத்தான் தூக்க முடியும். இலேசான பொருளை விரைவாகத் தூக்கலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததே. இதற்கு ஒரு சமன்பாடு உண்டா என்பதே கேள்வி. வாலஸ் ஃபென் என்னும் அமெரிக்கர் 1923 இல் ஹில்லின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, தசை எடையைத் தூக்கிச் சுருங்கினால் கூடுதல் ஆற்றலை வெளியிடுகிறது என்று கண்டிருந்தார். இது ஹில் அப்போது கொண்டிருந்த கருத்துக்கு மாறானது. 1935 இல் ஃபென்னும் மார்ஷும் விசைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து வெளியிட்டனர்.

ஹில் மேலும் விரைவாக வினைபுரியும் வெப்பமின் அடுக்கை உருவாக்கி, மீண்டும் தவளைத் தசையிடம் சென்றார். தசை குறுகும் தொலைவுக்கு ஏற்ப வெப்பம் வெளிப்படுவதைக் கண்டார். அதிலிருந்து, விசையோடு ஒரு மாறிலியைக் கூட்டி, வேகத்தோடு மற்றொரு மாறிலியைக் கூட்டி, இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது எப்போதும் ஒரே எண் என்னும் எளிய சமன்பாட்டைப் பெற்றார். வரைபடத்தில் இது ஓர் அதிபரவளைவு.

இதன் விளைவு ஒன்று பயிற்சியாளர்களுக்கு முக்கியமானது. திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கிய அளவு. அசைக்கவே முடியாத எடையில் வேகம் சுழி. எடையே இல்லாதபோது விசை சுழி. இரண்டிலும் திறன் சுழி. இவற்றுக்கு இடையே, உச்ச விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் திறன் உச்சத்தை அடைகிறது. மிதிவண்டி வீரர் மேட்டில் பல்சக்கரத்தை மாற்றுவதும், குண்டெறியும் வீரர் பெரும் எடைகளோடு நடுத்தர எடைகளை விரைவாகத் தூக்கிப் பழகுவதும் இந்த வளைவில் தமக்கேற்ற இடத்தைத் தேடுவதே. தசையைச் சுருங்கும் பகுதி, அதனோடு தொடராக இணைந்த மீள்பகுதி என்று பிரித்துக் காணும் ஹில் மாதிரியுரு, கணினியில் மனித அசைவைக் கணிக்கும் மென்பொருள்களிலும் பயன்படுகிறது.

தசை நீளும்போது என்ன ஆகிறது என்பதும் ஹில்லின் துறையில் ஆராயப்பட்டது. 1952 இல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூவரும் இரண்டு நிலைமிதிவண்டிகளை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் அதைத் தடுத்துப் பின்வாங்குவார். விசை இருவருக்கும் ஒன்றே. ஆனால் தடுப்பவர் நுகரும் ஆக்சிசன் மிகக் குறைவு. அரச கழகத்தில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உருவினரான பெண் தடுத்து அமர்ந்தபடியே பெரிய உருவினரான ஆணை விரைவில் களைக்கச் செய்தது பார்த்தவர்களைச் சிரிப்பில் ஆழ்த்தியது. எடையைத் தூக்குவதைவிட இறக்குவது எளிது. மலை ஏறுவதைவிட இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை. இவற்றின் காரணம் இதுவே.

அகதி அறிஞர்கள்

1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்களும் எதிர்க்கருத்து உடையோரும் ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கப்பட்டனர். அவ்வாண்டு மே மாதம் வில்லியம் பெவரிட்ஜின் முயற்சியால் கல்வியாளர் உதவிக் குழு இலண்டனில் அமைந்தது. ரதர்ஃபோர்டு தலைவர். ஹில் தொடக்கம் முதலே முன்னின்று உழைத்தார். நாட்சிக் கொள்கையை இவர் வெளிப்படையாகக் கண்டித்ததால், நேச்சர் இதழில் நோபல் பரிசு பெற்ற மற்றொருவரான யோகன்னசு ஸ்டார்க்குடன் கடும் வாதம் நடந்தது.

1935 இல் லீப்சிக் நகரிலிருந்து இருபத்து மூன்று வயது மருத்துவப் பட்டதாரி ஒருவர் நாடற்றவராக இலண்டன் வந்து ஹில்லின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹில்லின் வீட்டிலேயே தங்கினார். அவர் பெர்னார்ட் காட்ஸ். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தப்படும் முறையைக் கண்டறிந்ததற்காக 1970 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஹில் ஓய்வுபெற்றபின் அவருடைய துறைக்குத் தலைமையேற்றவர். மேயர்ஹோஃபும் 1938 இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிப் பாரிசுக்கும், 1940 இல் அமெரிக்காவுக்கும் செல்ல நேர்ந்தது. ஹில் தமது ஆய்வகத்தில் கையை உயர்த்தி வணங்கும் இட்லர் பொம்மை ஒன்றை வைத்திருந்தார். இத்தனை நல்ல அறிஞர்களை அனுப்பிவைத்தவருக்கு நன்றிக்கடனாக அது வைக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வருவோரிடம் விளக்குவாராம்.

இரண்டாம் உலகப்போரும் இந்தியப் பயணமும்

வான்பாதுகாப்பை ஆராய 1935 இல் பணியைத் தொடங்கிய டிசார்டு குழுவில் ஹில் உறுப்பினர். ராடார் உருவாக வழிவகுத்தது இக்குழுவே. 1940 இன் தொடக்கத்தில் வாசிங்டனுக்குச் சென்று, இரு நாடுகளும் அறிவியல் கமுக்கங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். அதே ஆண்டில் இடைத்தேர்தலில் வென்று, 1945 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

இந்திய அரசின் அழைப்பை ஏற்று 1943 நவம்பரில் இந்தியா வந்து, 1944 ஏப்ரல் வரை ஆய்வு நிறுவனங்களைப் பார்வையிட்டார். வங்காளம் பெரும் பஞ்சத்தில் இருந்த காலம் அது. மக்கட்பெருக்கம், உடல்நலம், உணவு, இயற்கை வளங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே தீர்க்க முயல்வது பயன்தராது என்று தமது அறிக்கையில் எழுதினார். மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அனைத்திந்திய அளவில் ஓர் உயர்நிலை நிறுவனம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். இக்கருத்து போர் குழுவின் பரிந்துரையிலும் இடம்பெற்று, 1956 இல் புது தில்லியில் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகமாக உருப்பெற்றது. இங்குப் போர் என்பது அக்குழுவின் தலைவரான சர் ஜோசப் போரின் பெயர். ஹில்லின் பயணத்தைத் தொடர்ந்து, மேக்நாத் சாகா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர் குழு 1944–45 இல் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவந்தது.

பிற்காலம்

போர் முடிந்ததும் ஹில் அறுபது வயதை நெருங்கிய நிலையில் தவளைத் தசைக்குத் திரும்பினார். 1948 இல் அரச கழகத்தின் உயரிய விருதான காப்ளி பதக்கம் பெற்றார். 1950 இல் உயிர்வேதியியலாளர்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். சுருக்கத்துக்கு ஆற்றல் தருவது ஏ.டி.பி. என்று எல்லோரும் சொல்கிறீர்கள். உயிருள்ள தசை ஒருமுறை சுருங்கும்போது ஏ.டி.பி. குறைவதை எவரேனும் அளந்து காட்டியதுண்டா என்பதே அதன் பொருள். அதை 1962 இல்தான் கெயினும் டேவிசும் நிறைவேற்றினர்.

1964 இல், தமது எழுபத்தெட்டாம் வயதில், 1938 ஆம் ஆண்டின் தம் கண்டுபிடிப்பையே மறுஆய்வு செய்தார். வெப்ப அளவீட்டில் கிடைத்த மாறிலியும் விசை அளவீட்டில் கிடைத்த மாறிலியும் ஒன்றே என்று அப்போது கூறியிருந்தார். அது சரியன்று, குறுகும்போது தோன்றும் வெப்பம் எடையைப் பொறுத்து மாறுகிறது என்று இப்போது தாமே வெளியிட்டார். சமன்பாடு பயன்பாட்டில் நிலைத்தது; அதற்கு இவர் கண்ட அழகான வெப்பவியல் அடிப்படை நிலைக்கவில்லை.

உச்ச ஆக்சிசன் ஏற்பும் விவாதத்துக்குத் தப்பவில்லை. ஹில் சிலரையே, அதிலும் பெரும்பாலும் தம்மையே அளந்தார். ஆக்சிசன் நுகர்வு உண்மையில் சமநிலையை எட்டியதென்று அவ்வளவீடுகளால் நிறுவ முடியாது என்று தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் 1990களின் பிற்பகுதியில் வாதிட்டார். களைப்பைத் தீர்மானிப்பது இதயமும் தசையும் அன்று, மூளையே என்பது அவர் கருத்து. அவர் தமக்குச் சான்றாகக் காட்டியதும் ஹில்லையே. இதயம் ஆக்சிசன் பற்றாக்குறைக்கு உள்ளாகாமல் காக்க, இதயத்திலோ நரம்பு மண்டலத்திலோ ஒரு கட்டுப்படுத்தி இருக்கலாம் என்று ஹில் 1924 இலேயே எழுதியிருந்தார். பின்வந்தோர் பலர் அந்த வரியைக் கவனிக்காமல் கடந்தனர். இவ்விவாதம் முடிந்தபாடில்லை.

1967 இல் ஹில் இலண்டனை விட்டுக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். 1970 இல் தசை இயக்கவியலில் தமது முதற் சோதனைகளையும் இறுதிச் சோதனைகளையும் தொகுத்து ஒரு நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் மனைவி மார்கரெட் காலமானார். 1977 ஜூன் 3 அன்று தமது தொண்ணூறாவது வயதில் ஹில் காலமானார். அரச கழகத்துக்காக இவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் பெர்னார்ட் காட்ஸ். காட்ஸ் தங்கியிருந்த ஹைகேட் வீட்டில், 1923 முதல் 1967 வரை ஹில் அங்கு வாழ்ந்ததைக் குறிக்கும் நீலப் பலகை 2015 இல் பொருத்தப்பட்டது.